கொதிக்கிற லாப்டொப்பும் மண்ணெண்ணெய் மிசினும்

லாப்டொப் கொதிக்குது எண்டால் முதலில் பார்க்கவேண்டியது உள்ளே இருக்கிற விசிறியையும் அதை ஒட்டின மெல்லிய தகடுகளையும்தான். உரும்பிராயில் எண்டால் செம்மண் புழுதி அதில் அடைஞ்சிருக்கும். எங்கட தோட்டக்காரருக்கு இது பழைய வேலை.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. கிணத்தை நம்பின வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க மண்ணெண்ணெய் மிசின்தான் கதி. அந்த மண்ணெண்ணெயும் அளவாகத்தான் வந்தது, விலையோ சொல்லி வேலையில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். சூடு மிஞ்சினாலோ எஞ்சின் இடிக்கத் தொடங்கும். தோட்டங்களில் ஓடின சின்ன மிசின்களில் றேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுத்தித் தகடுகள், காத்தடிக்க ஒரு விசிறி, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டினால் காத்து போகாது.

லாப்டொப்பும் கிட்டத்தட்ட இதேதான். சிப்புக்கு மேல பூசுற பசை மட்டும் புதுசு, அது காய்ஞ்சால் மாத்தவேணும்.

தடைசெய்த பொருட்களின் பட்டியலை வரலாறாக எழுதியிருக்கினம். மிசின் திருத்தினவையைப் பற்றி எழுதினது குறைவு. சூடு கூடினால் சிப் தானே வேகத்தைக் குறைக்கும். மிசினுக்கு அந்தப் புத்தி இல்லை. வரம்பில நிண்டு சத்தத்தைக் கேட்டு ஆள்தான் நிப்பாட்டவேணும்.