திருவனந்தபுரம் சித்திராலயமும் நம் வீட்டுச் சாமி படமும்

வரலாறு என்றாலே போர், பட்டாபிஷேகம், வாரிசுச் சண்டை என்று நம் பாடப்புத்தகங்கள் பழக்கி வைத்திருக்கின்றன. இந்த முறை ஓவியங்கள் வைத்திருக்கும் ஒரு கூடத்தின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம்தான் அது. சித்திராலயம் என்றும் சொல்வார்கள். 'சாணார்பட்டிக்காரனுக்குத் திருவனந்தபுரத்தில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நேப்பியர் அருங்காட்சியகத்தின் கட்டடம் சிசோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1880ல் முடிந்தது. அதே வளாகத்தில் 1935 செப்டம்பர் 25 அன்று ஓவியத்துக்கென்று தனியாக ஒரு கூடம் திறக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சித்திரைத் திருநாள். அவர் பெயரால்தான் 'ஸ்ரீ சித்ரா'. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் என்றால் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் சேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டால் பட்டியல் நீளும். ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள், தஞ்சாவூர்ப் படங்கள், முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள், வங்காளப் பாணி ஓவியங்கள், இமயமலையைப் பல படங்களில் வரைந்த ரஷ்யர் நிக்கோலாய் ரோரிக்கின் படங்கள், சீனா, ஜப்பான், திபெத், பாலித் தீவு ஓவியங்கள், அஜந்தா முதலிய பழைய சுவரோவியங்களின் நகல்கள். ஒரு சமஸ்தானத்துப் படக்கூடத்துக்கு இது ரொம்பவே பெரிய ஆசை!

இந்தப் பாணிகளெல்லாம் ஒன்றுக்கொன்று நட்பாக இருந்தவை இல்லை. ஒருவரை ஒருவர் ஓவியராகவே ஒப்புக்கொள்ளாதவர்களின் படங்கள் அடுத்தடுத்து மாட்டப்பட்டிருந்தன. அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டால்தான் கூடத்தின் வரலாறு புரியும். சண்டை நம் மதுரைச் சீமையிலிருந்தே தொடங்குகிறது.

சுவாதித் திருநாள் காலத்தில் (அவர் 1846ல் இறந்தார்) திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்த ஓவியர் அழகிரி நாயுடு. மதுரைக்காரர். ரவிவர்மாவின் தாய்மாமன் ராஜராஜ வர்மாவும் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதியவர். தஞ்சாவூர்ப் பாணி தெரியுமல்லவா? பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பசை பூசி, தங்கத் தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்து, சாமியை நடுவில் கொழுகொழுவென்று உட்கார வைப்பது. நாயக்கர், மராட்டியர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பங்களின் கைத்தொழில் அது. அதைத்தான் கிளிமானூர் அரண்மனைப் பிள்ளை முதலில் பார்த்து வளர்ந்தது.

1848ல் பிறந்த ரவிவர்மாவை 14 வயதில், 1862ல், மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜா பையனை ஆதரித்தார். ஆனால் எண்ணெய் வண்ணம் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அரண்மனையில் அந்த வித்தை தெரிந்தவர் ராமசாமி நாயக்கர் என்ற ஓவியர் ஒருவர்தான். அவரும் மதுரைக்காரர் என்கிறார்கள். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து, தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ராமசாமி நாயக்கரைப் பொறாமைக்காரராகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ராஜகுடும்பத்துச் சொந்தக்காரப் பிள்ளைக்குத் தொழில் ரகசியத்தைக் கொடுத்துவிட்டால், கூலிக்குப் படம் எழுதும் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டாரா? அவர் பயந்ததும் வீணில்லை. இன்று ரவிவர்மாவுக்குத் தனிக் கட்டடமே இருக்கிறது. ராமசாமி நாயக்கர், ரவிவர்மாவின் கதைக்குள் ஒரு பத்தியாக மட்டும் இருக்கிறார். ராத்திரியில் வந்த ஆறுமுகம் பிள்ளைக்கு அந்தப் பத்தியில் ஒரே ஒரு வரி.

ரவிவர்மா அதன் பிறகு வளர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1873ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண் படத்துக்குத் தங்கப் பதக்கம். அதே படத்துக்கு வியன்னாவிலும் பரிசு. 1876ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கிக்கொண்டார். 1893ல் சிகாகோ கண்காட்சி. சித்திராலயத்துக்கு வந்து சேர்ந்த படங்களில் காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும், அன்னத்திடம் சேதி கேட்கும் தமயந்தியும் (1899) ரொம்பப் பிரசித்தம். எனக்கு அவற்றைவிடச் சாலையோரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் நாடோடிப் பெண்ணின் படம்தான் பிடிக்கும். கையில் ஒரு தந்தி வாத்தியம், மடியில் குழந்தை. அதில் நாடகத்தனம் இல்லை, களைப்பு தெரிகிறது.

தமயந்தியின் சிவப்புப் புடவையைக் கவனியுங்கள். புராணப் பெண்களுக்கு என்ன உடை போடுவது என்று தேடி ரவிவர்மா வட இந்தியா முழுக்கச் சுற்றினார். பரோடா மன்னருக்கு 14 புராணப் படங்கள் வரைந்து கொடுத்த காலம் அது. கடைசியில் அவர் முடிவு செய்தது புடவை. லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நாம் இன்று மனதில் உடுத்திப் பார்க்கும் புடவை, ரவிக்கை எல்லாம் பெரும்பாலும் அவர் கொடுத்தவை.

ஆனால் அதே திருவிதாங்கூரில், ரவிவர்மாவுக்கு 11 வயதாக இருந்தபோது, மேலாடைக்காகப் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. சாணார் என்று அப்போது அழைக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று மேல்சாதியார் தடுத்தார்கள். ஆம், எங்கள் ஊர்ப் பெயரின் முதல் பாதியில் இருக்கும் அதே சொல்தான். இன்று அந்தச் சமூகத்தார் தங்களை நாடார் என்றே சொல்கிறார்கள். பழைய சொல் அவர்களை நோகச் செய்த சொல். 1859 ஜூலையில், சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால், திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் போட்டது. மேலாடை போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்றது அந்தப் பிரகடனம். அப்போது திவான், கும்பகோணத்தில் பிறந்த மாதவ ராவ்.

இந்த மாதவ ராவ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரே 1884ல் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் ஓவியங்களுக்கு நாடு முழுக்கக் கிராக்கி இருக்கிறது, ஒரு ஆளால் எத்தனை வரைய முடியும், அச்சடித்து விற்கலாமே என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து, 1894ல், ரவிவர்மா பம்பாயில் கல்லச்சு அச்சகம் தொடங்கினார். அச்சகம் பிறகு லோனாவலா பக்கம் மளவலிக்குப் போனது. கடன் தாங்காமல் 1900களின் தொடக்கத்தில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்குக் கைமாறியது. ஆனால் படங்கள் நிற்கவில்லை.

ரவிவர்மா 1906ல் இறந்தார். 1907 வாக்கில் வங்காளத்திலிருந்து அவர்மேல் கண்டனம் கிளம்பியது. படுத்துக்கொண்டு கடிதம் எழுதும் அந்தச் சகுந்தலை நாகரிகமில்லாத கோலத்தில் இருக்கிறாள் என்று சகோதரி நிவேதிதை எழுதினார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, நம் யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்தவர், ரவிவர்மாவின் தெய்வங்கள் மேடை நடிகர்கள்போல் இருக்கின்றன என்று குறை சொன்னார். சென்னை ஓவியப் பள்ளியில் தலைவராக இருந்துவிட்டுக் கல்கத்தா போன ஹேவல், அங்கே அவனீந்திரநாத் தாகூருடன் சேர்ந்து, எண்ணெய் வண்ணமும் ஐரோப்பிய நிழல்வெளிச்சமும் வேண்டாம், அஜந்தாவுக்கும் முகலாயச் சிற்றோவியத்துக்கும் திரும்புவோம் என்றார். வங்காளப் பாணி பிறந்தது இப்படித்தான்.

சித்திராலயத்தை அமைத்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் கசின்ஸ். 1915ல் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்துக் கவிஞர், பிரம்மஞான சபைக்காரர், வங்காளப் பாணியைத் தென்னாட்டில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். மைசூர் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக் கூடத்துக்கும் அவர் கை உண்டு. 1934ல் திருவிதாங்கூரின் கலை ஆலோசகர் ஆனார். அவர் வந்த ஊரோ ரவிவர்மாவின் ஊர். மகாராஜாவின் பெருமையே ரவிவர்மாதான். என்ன செய்வார் பாவம்! இரண்டையும் மாட்டினார். ரவிவர்மா, அவர் தம்பி ராஜராஜ வர்மா, தங்கை மங்களாபாய் ஆகியோர் ஒரு புறம். அவர்களை ஒப்புக்கொள்ளாத வங்காளத்தார் ஒரு புறம். இருவருக்கும் முன்பே இருந்த தஞ்சாவூர்ச் சாமிகள் வேறு. ஆசியா முழுவதும் ஒரே ஆன்மா என்பது கசின்ஸின் கொள்கை. அதனால்தான் ஜப்பானும் பாலியும் சுவருக்கு வந்தன. கொள்கை எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கொள்கை இல்லாவிட்டால் ஒரு சமஸ்தானத்துக் கூடத்தில் திபெத்துப் படத்துக்கு இடம் கிடைத்திருக்குமா?

அந்தச் சுவரில் ஒரு பாணி மட்டும் இல்லை. அது நம் வீட்டில் இருக்கிறது. அச்சில் போன ரவிவர்மாவின் சாமிகள் எங்கெல்லாம் போயின என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கோயிலுக்குள் போய்ச் சாமியைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை கிடையாது. நாடார்கள் 1897ல் கமுதி கோயிலுக்குள் போனதற்காக வழக்கு நடந்து, 1908ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1899ல் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டிய பகையில் ஊரே பற்றி எரிந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12ல்தான் வந்தது, சித்திராலயம் திறந்து ஒரு வருடத்துக்கும் மேலே ஆன பிறகு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துப் போனது 1939 ஜூலை 8. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்குள் லட்சுமியும் முருகனும் காகிதத்தில் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

சிவகாசியின் கதை அதோடு முடியவில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். அதற்காக அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் காலண்டருக்கு வந்தன. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகளைத்தான் சிவகாசி லட்சக்கணக்கில் அச்சடித்தது. அந்த முகங்களை உற்றுப் பாருங்கள். ரவிவர்மாவின் உடலமைப்பு இருக்கும், தஞ்சாவூர்ப் படத்தின் நேர்ப்பார்வையும் நகைகளும் இருக்கும், பின்னால் நாடகத் திரைச்சீலையின் மலையும் அருவியும் இருக்கும். குமாரசாமி எதை நாடகத்தனம் என்று குறை சொன்னாரோ, அதை இங்கே ஒருவர் வெட்கமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. கோயிலில் கருவறை இருட்டில் எட்ட நின்று பார்க்க வேண்டிய முகம், இங்கே நம் கண்ணுக்கு நேராகப் பார்க்கிறது.

இப்போது கூடத்துக்குத் திரும்புவோம். கே.சி.எஸ். பணிக்கரின் படங்களுக்கும் அதே வளாகத்தில் தனிக் கூடம் ஏற்பட்டது. 1911ல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966ல் சோழமண்டலத்தைத் தொடங்கியவர் அவர். எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் போல ஏதோ ஒன்றைப் படம் முழுக்க நிரப்பிவைப்பார். படிக்கப் போனால் படிக்க முடியாது. அழகிரி நாயுடு போன வழியிலேயே, நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன இன்னொரு பாணி.

2023 செப்டம்பரில் ரவிவர்மாவுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் என்று அதே வளாகத்தில் புதிய கூடம் திறந்தார்கள். பழைய படங்களுக்கு ஈரமும் சூடும் ஆகாது. கடற்கரை ஊரில் நல்ல பாதுகாப்பு அவசியம், மறுக்க முடியாது. ஆனால் கசின்ஸ் வேறு வழியில்லாமல் ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்த சண்டைக்காரர்கள் இப்போது பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகிறவர்கள் இரண்டு கட்டடத்தையும் பாருங்கள், அதுவும் ஒரே நாளில். திங்கட்கிழமை விடுமுறை.