லயத்து உறவும் பத்து வெள்ளியும்

சுற்றமும் சங்கமும் இல்லாமல் தனித்துக் கிடப்பவர்களே இயக்கங்களில் எளிதில் சேர்கிறார்கள் என்று 1959-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கோர்ன்ஹவுசர் எழுதினார். பேராக் தோட்டப்புறம் அப்படிச் சொல்லவில்லை.

1950-களில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேலையோடு லயத்து வீடும் பறிபோனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் வீ.தி.சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பங்கு 100 வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். பால்மரத் தொழிலாளிக்கு அது சின்னத் தொகையா என்ன! முன்பின் தெரியாதவர் கேட்டால் கொடுத்திருப்பாரா? ஈப்போ பட்டணம் தூரத்தில்தான் இருந்தது. லயத்திலோ வீட்டுக்கு வீடு ஒரே சுவர். காலையில் பெரட்டு, ஆண்டுக்கொரு திருவிழா, பிள்ளைகளுக்கு ஒரே தமிழ்ப்பள்ளி. அடுத்த வீட்டுக்காரர் கட்டுகிறார் என்ற நம்பிக்கையே பெரிய பிணை. 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

பின்னாளில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, மக்கள் சிதறினார்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டதற்குக் கோயில் உடைப்பு ஒரு முக்கியக் காரணம். லயம் போனபின் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் பல ஒன்றுகூட மிஞ்சியிருந்தது அந்தக் கோயில்தான்.