படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கி: விபத்தும் பொறுப்பும்

நடிப்புக்கென்று கொண்டுவந்த துப்பாக்கியோ வெடிமருந்தோ உண்மையாகவே ஆளைக் காயப்படுத்துவதும் கொன்றுவிடுவதும் சினிமாவுக்குப் புதிதல்ல. 1915இல் செசில் பி. டிமில் ஹொலிவூட்டில் 'தி கேப்டிவ்' என்ற ஊமைப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். படைவீரர்கள் பூட்டிய கதவை உடைத்துக்கொண்டு நுழையும் காட்சி. கதவு சிதறுவது நிஜமாகத் தெரிய வேண்டுமென்று முதலில் உண்மை ரவைகளால் சுட்டார்கள். பிறகு எல்லாத் துப்பாக்கிகளிலும் வெற்றுத் தோட்டா போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் பழைய ரவை தங்கிவிட்டது. சார்ல்ஸ் சாண்ட்லர் என்ற துணை நடிகர் தலையில் சூடுபட்டு இறந்தார்.

அன்று எழுந்த கேள்விதான் இன்றும். பொறுப்பாளி யார்? விசையை அழுத்தியவரா, ரவை போட்டவரா, பார்த்துவிட்டேன் என்று குரல் கொடுத்தவரா, ஆளையும் நேரத்தையும் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்த தயாரிப்பாளரா? நீதிமன்றம் ஒரு பதில் சொல்லும், தொழில் பாதுகாப்பு அதிகாரி வேறொன்று சொல்வார், காப்புறுதிக் கம்பனி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும்.

தளத்தில் புழங்குவது பெரும்பாலும் இரண்டு வகைத் தோட்டா. 'பிளாங்க்' எனப்படும் வெற்றுத் தோட்டாவில் மருந்து உண்டு, சன்னம் கிடையாது. தீப்பொறியும் சத்தமும் அதன் வேலை. 'டம்மி'யில் சன்னம் உண்டு, மருந்து கிடையாது. சுழல் துப்பாக்கியைக் கேமராவுக்கு நேரே காட்டும்போது அறைகள் நிரம்பியிருப்பதாகத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. டம்மியைக் காதருகே குலுக்கினால் உள்ளே போட்ட சிறு குண்டு கலகலக்கும், அல்லது பக்கவாட்டில் துளையிட்டிருக்கும். மூன்றாவது வகையான உண்மை ரவை தளத்துக்குள் வரவே கூடாது என்பது அமெரிக்கத் திரைத்தொழிலின் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கைகளில் முதலாவதின் விதி. எந்தத் துப்பாக்கியையும் நிரப்பியதாகவே கருதவேண்டும், ஆளை நோக்கி நீட்டக்கூடாது என்பனவும் அதிலேயே உள்ளன.

வெற்றுத் தோட்டா என்ற பெயரை நம்பி ஏமாந்தவர் ஜோன் எரிக் ஹெக்சம். 1984 ஒக்டோபர் 12ஆம் திகதி, தொலைக்காட்சித் தொடரொன்றின் தளத்தில் அடுத்த காட்சிக்குக் காத்திருந்த அந்த 26 வயது நடிகர் விளையாட்டாக .44 மேக்னம் கைத்துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே சன்னம் இல்லை. ஆனால் வெளியேறிய வாயுவின் அழுத்தமே மண்டை எலும்பை உடைக்கப் போதுமாக இருந்தது. ஆறு நாள் கழித்து இறந்தார்.

புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ இறந்த விதம் இதைவிடச் சிக்கலானது. 1993 மார்ச் இறுதியில் வட கரோலினாவின் வில்மிங்டனில் 'தி க்ரோ' படப்பிடிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அண்மைக் காட்சிக்கு டம்மி தேவைப்பட்டபோது கடையில் வாங்காமல், உண்மை ரவைகளிலிருந்து மருந்தைக் கொட்டித் தாங்களே செய்துகொண்டார்கள். மருந்து போயிற்று, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் தீக்குப்பி போகவில்லை. யாரோ விசையை அழுத்தியபோது அதன் சிறு வெடிப்பு சன்னத்தைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிட்டது. எவரும் குழலைப் பார்க்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டு மைக்கல் மஸ்ஸி என்ற நடிகர் சுட்டபோது, சிக்கியிருந்த சன்னம் முழு வேகத்தில் பாய்ந்தது. ஆயுத நிபுணரை அன்று முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார்கள். கவனக்குறைவு நடந்திருக்கிறது, ஆனால் குற்ற வழக்குக்குப் போதிய அளவில் இல்லை என்று அரச வழக்கறிஞர் முடிவு செய்தார். தயாரிப்பு நிறுவனத்துக்கு 84,000 டொலர் தண்டம் விதித்து, பிறகு அதையும் 55,000 ஆகக் குறைத்தார்கள். மஸ்ஸி மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அவர் பல காலம் அந்த நினைவைச் சுமந்தே நடித்தார்.

இலங்கையில் டிக்கோயாவிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைப் பாதையில் இறங்குகிறவர்கள் கித்துல்கலவில் களனி கங்கையைப் பார்ப்பார்கள். டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக மரப்பாலம் கட்டி அதை ரயிலோடு தகர்த்தது அங்கேதான். துப்பாக்கி அல்ல, வெடிமருந்து. என்றாலும் பொறுப்பைப் பற்றி அந்தத் தளம் சொல்லும் செய்தி ஹொலிவூட்டின் பல வழக்குகள் சொல்லாதது. 1957 மார்ச் 10ஆம் திகதி வெடிப்புக்கு நாள் குறித்து, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவையும் பிரமுகர்களையும் அழைத்திருந்தார்கள். கேமராக்காரர்கள் தத்தம் கேமராவை ஓடவிட்டுப் பதுங்கிடத்துக்குப் போய், தாம் பத்திரம் என்று அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரயில் பாலத்தை நெருங்கியபோது ஃபிரெடி ஃபோர்ட் என்ற கேமராக்காரர் பத்திரமாக விலகிவிட்டார் என்பது மட்டும் உறுதியாகவில்லை. லீன் வெடியை நிறுத்தினார். ஓட்டுநர் இல்லாத ரயில் பாலத்தைக் கடந்து போய் அப்பால் நின்ற மின்பிறப்பாக்கியில் மோதிச் சிதைந்தது.

பிரதமர் முன்னிலையில் அது பெருத்த அவமானமாகத்தான் இருந்திருக்கும். இரவோடிரவாக ரயிலைத் தூக்கி நிறுத்திப் பழுதுபார்த்து மறுநாள் காலை தகர்த்தார்கள். படத்தில் நாம் காண்பது அந்த இரண்டாம் முயற்சி. ஒரே ஆளின் நிலை தெரியாததற்காக ஒரு பிரதமரையும் ஒரு ரயிலையும் காத்திருக்க வைக்க முடியும் என்ற ஏற்பாடு இருந்ததால் ஃபோர்ட் உயிரோடு வீடு போனார். இதே படத்தின் உதவி இயக்குநர் ஜோன் கெரிசன் இறந்தது வெடியில் அல்ல, படப்பிடிப்பு இடத்துக்குப் போகும் வழியில் நேர்ந்த கார் விபத்தில். அந்தக் காரில் காயம்பட்ட ஒப்பனைக் கலைஞர் ஸ்டுவர்ட் ஃப்ரீபோர்ன் பின்னாளில் 'ஸ்டார் வோர்ஸ்' யோடாவை உருவாக்கினார். தளத்தில் வெடிக்குக் காட்டிய கவனத்தைப் பாதைக்கு யாரும் காட்டவில்லைபோலும்.

தமிழ் சினிமாவோடு சேர்த்து நினைக்கப்படும் மிகப் பெரிய துப்பாக்கிச் சம்பவம் படப்பிடிப்பில் நடந்ததே அல்ல. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஆர். ராதா சுட்டது இராமாவரம் வீட்டில். அது விபத்தின் கணக்கில் வராது. தென்னிந்தியத் தளங்கள் உயிர்வாங்கியது பெரும்பாலும் வேறு வழிகளில். மலையாள நடிகர் ஜெயன் 1980 நவம்பர் 16ஆம் திகதி சென்னையை அடுத்த சோழவரத்தில், 'கோளிளக்கம்' படத்துக்காக ஹெலிகொப்டரில் தொங்கியபடி நடிக்கையில் இறந்தார். இன்னொரு டேக் எடுக்கலாம் என்று கேட்டதே அவர்தான் என்பார்கள். 1989 பெப்ரவரி 8ஆம் திகதி மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் திப்பு சுல்தான் தொலைக்காட்சித் தொடரின் தளம் தீப்பற்றி 62 பேர் மாண்டார்கள். 2016 நவம்பரில் 'மாஸ்தி குடி' கன்னடப் படத்துக்காக ஹெலிகொப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு வில்லன் நடிகர்கள் மூழ்கினார்கள். கூடவே குதித்த நாயகன் கரையேறினார்.

பொறுப்பு யாருடையது என்ற சண்டை தமிழில் வெளிப்படையாக நடந்தது 'இந்தியன் 2' விபத்துக்குப் பிறகு. 2020 பெப்ரவரி 19ஆம் திகதி இரவு சென்னை ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் மின்விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். பொலிஸ் முதலில் தேடியது கிரேன் ஓட்டியவரை. பிறகு கமல்ஹாசனையும் இயக்குநர் ஷங்கரையும் மத்திய குற்றப்பிரிவு அழைத்து விசாரித்தது. கமல் தயாரிப்பாளரான லைக்காவுக்குக் கடிதம் எழுதி, பாதுகாப்பும் காப்புறுதியும் உறுதியானால்தான் தளத்துக்குத் திரும்புவதாகத் தெரிவித்தார். இலங்கைத் தமிழரான சுபாஸ்கரன் அல்லிராஜா நிறுவிய அந்த நிறுவனம், பொறுப்பு எல்லாருக்கும் பொதுவானது, தளம் உங்களுடையவும் இயக்குநருடையவும் கட்டுப்பாட்டில்தானே இருந்தது என்ற பொருளில் பதில் எழுதியது. இரண்டு கடிதங்களும் பத்திரிகைகளில் வந்தன. இரண்டிலும் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் 'வேட்டுவம்' படத்தில் காரைப் பறக்கவிட்ட ஸ்டண்ட் கலைஞர் இறந்தபோது இயக்குநர் பா. ரஞ்சித்தின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது. இந்தியாவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்தாக உயர்த்தியிருக்கிறது.

உலகம் முழுக்க இந்தக் கேள்வியை வீட்டு வரவேற்பறைவரை கொண்டுபோனது 'ரஸ்ட்' என்ற படம். 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி நியூ மெக்சிகோவின் பொனான்சா க்ரீக் பண்ணையில், தேவாலயக் காட்சியின் ஒத்திகையில் நடிகர் அலெக் பால்ட்வின் பிடித்திருந்த .45 சுழல் துப்பாக்கியிலிருந்து உண்மை ரவை பாய்ந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயப்பட்டார். துப்பாக்கி பால்ட்வினின் கைக்குப் போகையில் உதவி இயக்குநர் டேவிட் ஹோல்ஸ் ரவை இல்லாத துப்பாக்கி என்று அறிவித்திருந்தார். அதே தளத்தில் அதற்கு முந்தைய நாட்களில் துப்பாக்கி தவறுதலாக வெடித்திருக்கிறது. அன்று காலையில்தான் கேமராப் பிரிவினர் பலர் வேலை நேரத்தையும் தங்குமிடத்தையும் பாதுகாப்பையும் முறையிட்டு வெளிநடப்புச் செய்திருந்தார்கள். ஆயுதப் பொறுப்பாளர் ஹனா குட்டியரஸ் ரீடுக்கு 24 வயது. அவரையே தளப்பொருள் உதவியாளர் வேலையும் பார்க்க வைத்திருந்தார்கள்.

தீர்ப்புகளை வரிசையாகப் பார்த்தால் படிக்கட்டில் இறங்குவது போலிருக்கும். ஹோல்ஸ் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு போனார். குட்டியரஸ் ரீடை 2024 மார்ச்சில் ஜூரி குற்றவாளி என்றது. ஏப்ரலில் 18 மாதச் சிறை. விசையை அழுத்தவே இல்லை என்ற பால்ட்வினின் கூற்றை எஃப்.பி.ஐ. சோதனை ஏற்கவில்லை, ஆனாலும் வழக்கு முடிவுவரை போகவில்லை. ரவைகள் தொடர்பான சான்றை அரச தரப்பு எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைத்திருந்தது விசாரணை நடுவே அம்பலமாக, 2024 ஜூலை 12ஆம் திகதி நீதிபதி மேரி மார்லோ சொமர் வழக்கை மீண்டும் தொடுக்க முடியாதபடி தள்ளுபடி செய்தார். தயாரிப்பு நிறுவனத்துக்கு மாநிலத் தொழில் பாதுகாப்புப் பிரிவு அதிகபட்சத் தண்டமான 1,36,793 டொலரை விதித்தது. பிறகு 1,00,000 டொலருக்குச் சமரசமானது. தேயிலைத் தோட்டத்தில் ஏதாவது பிசகினால் துரை கணக்கப்பிள்ளையைப் பார்ப்பார், கணக்கப்பிள்ளை கங்காணியைப் பார்ப்பார், கங்காணி வேலையாளைப் பார்ப்பார். மலையகத்தில் வளர்ந்தவருக்கு இந்த வரிசை விளங்காமல் போகாது.

நடிகர் பொறுப்பாளியா என்பதில் நடிகர்களே இரண்டுபட்டார்கள். ஆயுத நிபுணராக இருப்பது நடிகரின் வேலையல்ல என்றது அவர்களது சங்கமான சாக்-அஃப்ட்ரா. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் திறந்து பார்த்து, எதிரே நிற்பவருக்கும் காட்டிவிட்டுத்தான் பயன்படுத்துவேன் என்றார் ஜோர்ஜ் க்ளூனி. சங்கம் சொல்வது சட்டத்துக்குப் பொருந்தும். க்ளூனியின் பழக்கத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. சில தயாரிப்பாளர்கள் வாதத்தை விட்டுவிட்டு ஆயுதத்தையே மாற்றினார்கள்: 'தி ரூக்கி' தொடர் காற்றுத் துப்பாக்கிக்கு மாறித் தீப்பொறியைக் கணினியில் சேர்த்தது, ட்வெயின் ஜோன்சனின் நிறுவனமும் உண்மைத் துப்பாக்கியைக் கைவிட்டது. 2023இல் கலிபோர்னியா தன் திரைப்பட வரிச்சலுகைச் சட்டத்தோடு ஆயுதப் பாதுகாப்பு விதிகளையும் இணைத்தது.

இலங்கையில் தளத்துக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டமும், வெடிவைத்தால் 1956இன் வெடிபொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டுக் குழுக்கள் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் வழியாக அனுமதி பெறவேண்டும். அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுவரை சிறை. ஆனால் இறந்தவரின் வீட்டுக்கு அரிசி வாங்க உதவுவது இவை எதுவும் அல்ல, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் கை போனவர்களின் குடும்பங்கள் இதை அறியும். யார் குற்றவாளி என்று அது முதலில் கேட்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்றே கேட்கிறது. நாயகன் முதல் நாட்கூலிக்கு வந்து கூட்டத்தில் நின்றவர்வரை அந்தக் கேள்வி ஒன்றுதான். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் வருகிறது: வேலை கொடுத்தவர் யார்? லயத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொடுத்த உள்ளூர்த் தரகரா, கொழும்பிலிருந்து வந்த தயாரிப்பு முகாமையாளரா, சென்னையிலோ லண்டனிலோ பதிவான கம்பனியா? ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால், வருகைப் பதிவேட்டில் யார் கையெழுத்து வாங்கினார், சம்பளக் காசு யார் கையிலிருந்து வந்தது என்பதிலிருந்து அதைத் தேடத் தொடங்க வேண்டும்.