கழுத்துப் பட்டையும் காட்டுநாயும்

2023 ஜூலையில் குனோவில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிவிங்கிப் புலிகள் செத்துப்போனபோது, போபாலில் இருக்கும் எங்கள் தமிழ்க் கூட்டம் என்னைத்தான் பிடித்துக்கொண்டது. நான் ரேடியோ அலைகளோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிற ஆசாமி. "என்ன சார், உங்க ரேடியோ பட்டைதான் கொன்னுடுச்சாமே?" என்று கேட்காதவர் பாக்கியில்லை. கழுத்துப் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிப் புழு வைத்துவிட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. பட்டைதான் காரணம் என்பது வெறும் ஊகம் என்று அரசுத் தரப்பு சொன்னது. பிறகு பட்டைகளைக் கழற்றிப் பரிசோதித்தார்கள்.

அப்போது நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. இந்தச் சண்டை புதுசில்லைங்க. முப்பது வருடத்துக்கு முன்பே தான்சானியாவில் வேறொரு மிருகத்தை வைத்து இதே கேள்வி எழுந்து, விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழிலேயே அடித்துக்கொண்டார்கள். அந்த மிருகம் ஆப்பிரிக்கக் காட்டுநாய்.

நம் முதுமலை, பந்திப்பூர் பக்கம் இருக்கும் செந்நாய்க்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் செந்நாய் இல்லை. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் வாளியோடு மேலே கவிழ்த்த மாதிரி உடம்பு. வட்டமாக விறைத்து நிற்கும் பெரிய காது. முன்னங்காலில் நாலே விரல். மற்ற நாய் இனங்களுக்கெல்லாம் முன்னங்காலில் ஐந்தாவதாக ஒரு குட்டி விரல் உண்டு, இதற்குக் கிடையாது. 1820-ல் இதற்கு முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்த டச்சுக்காரர் டெம்மிங்க், இதைக் கழுதைப்புலி என்றே நினைத்துவிட்டார்!

வெள்ளைக்காரர்கள் இதை நெடுங்காலம் பூச்சி புழு மாதிரிதான் பார்த்தார்கள். ஓடுகிற மானை உயிரோடு கிழித்துத் தின்கிறது, மாட்டுப் பண்ணைக்கு ஆகாது என்று கண்ட இடத்தில் சுட்டார்கள். ரொடீசியாவில் ஆயிரக்கணக்கில் ஒழித்திருக்கிறார்கள். சரணாலயக் காவலர்களே சுட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மானைக் காப்பாற்றுகிறார்களாம்.

அந்தப் பார்வையை மாற்றியது, ஒரு கூட்டத்தின் பின்னாலேயே நாள் முழுக்க வண்டியில் போய்ப் பார்த்தவர்கள். 1960களின் நடுவில் ங்கோரோங்கோரோ பள்ளத்தில் எஸ்டஸ், கொடார்ட் இருவரும் வேட்டைகளைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். பிறகு ஹியூகோ வான் லாவிக், ஜேன் குடாலோடு சேர்ந்து 1970-ல் 'இன்னொசென்ட் கில்லர்ஸ்' என்ற புத்தகம் போட்டார். தலைப்பே வழக்கறிஞர் வாதம் மாதிரி இல்லை?

அவர்களிடம் ரேடியோ கிடையாது. கேமராவும் பொறுமையும்தான். எந்த இரண்டு காட்டுநாய்க்கும் ஒரே மாதிரி திட்டு இருக்காது. ஒரே நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்துப்போகாது. இரண்டு பக்கமும் படம் எடுத்து ஒட்டி வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் அடையாளம் சொல்லலாம். பின்னால் 1980களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில், சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களையே கேட்டு வாங்கிக் கணக்கெடுத்தார்கள். ஃபிலிம் ரோல் காலம், நினைவில் வையுங்கள். கழுவிப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பவேண்டும்!

ஆனால் படத்தால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. கூட்டம் எங்கே என்று படம் சொல்லாது. குட்டி போட்டு வளையில் இருக்கும் மூன்று மாதம் மட்டும் ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். மற்ற நாளில் ஒரு கூட்டம் பல நூறு சதுர கிலோமீட்டர் சுற்றும், செரெங்கெட்டி சமவெளியில் ஆயிரத்தையும் தாண்டும். இன்று இங்கே பார்த்தால் நாளை காலை எங்கேயோ. அதனால்தான் 1980களின் நடுவில் செரெங்கெட்டியில் ரேடியோ பட்டை வந்தது.

தொழில்நுட்பம் ரொம்ப சாதாரணம். ஒரு நாய்க்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. நம் மொட்டை மாடியில் தூர்தர்ஷனுக்குக் கட்டியிருந்தோமே மீன்முள் ஆண்டெனா, அதன் தம்பி ஒன்றைக் கையில் பிடித்துச் சுற்றினால் டிக்... டிக்... எந்தத் திசையில் சத்தம் பலமோ அங்கே வண்டியை விடவேண்டியதுதான். இடையில் குன்று இருந்தால் சத்தம் செத்துவிடும். மேட்டில் ஏறு, அல்லது சின்ன விமானத்தில் ஏறு. நாய் கூட்டமாகவே வாழ்வதால் ஒன்றுக்குக் கட்டினாலே மொத்தக் குடும்பமும் கிடைத்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1989-ல் பக்கத்து மாசாய் மாராவில் ஒரு கூட்டம் ரேபிஸில் கிட்டத்தட்ட முழுசாக அழிந்தது. 1990-ல் செரெங்கெட்டிக் கூட்டம் ஒன்றிலும் ரேபிஸ் உறுதியானது. பதறிப்போய் ஆய்வுக் கூட்டங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1991 நடுவில், ஆய்வில் இருந்த கூட்டங்கள் அத்தனையும் காணோம். பெரும்பாலான உடல்கள் கிடைக்கவே இல்லை.

1992-ல் ரோஜர் பர்ரோஸ் என்பவர் குண்டைப் போட்டார். ரேபிஸ் கிருமி சில நாய்களின் உடம்பில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். மயக்க ஊசி, பட்டை, தடுப்பூசி என்று மனிதன் கைவைத்ததில் உண்டான மன அழுத்தம் எதிர்ப்பு சக்தியைக் குலைத்து அதை எழுப்பிவிட்டது என்றார். பட்டை கட்ட ஆரம்பித்த பிறகுதான் வளர்ந்த நாய்களின் ஆயுள் குறைந்தது என்று கணக்கும் காட்டினார். சுருக்கமாக, காப்பாற்றப் போனவர்களே கொன்றுவிட்டீர்கள் என்கிறார். வருடக்கணக்காக ஒவ்வொரு நாயையும் பேர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. கிருமி அப்படித் தூங்கி எழுந்ததற்கு ஆதாரம் எங்கே? க்ரூகர் முதலிய இடங்களிலும்தானே பட்டை கட்டுகிறோம், அங்கே ஏன் சாகவில்லை? 1995-ல் வேறு பல இடங்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கைவைத்த நாய் சீக்கிரம் சாகிறது என்று தேறவில்லை. பர்ரோஸ் ஒப்புக்கொள்ளவில்லை. செரெங்கெட்டியின் நிலைமை வேறு என்றார்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, தான்சானியாவின் தெற்கே செலூஸ் வேட்டைச் சரணாலயத்திலிருந்து வந்தது (2019-ல் அதன் பெரும்பகுதி நியெரேரே தேசியப் பூங்காவாகப் பிரிந்தது). ஸ்காட் கிரீல், நான்சி கிரீல் தம்பதி 1990களில் அங்கே வருடக்கணக்காகக் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். மன அழுத்தம்தானே பிரச்சினை, அதையே அளந்துவிடலாமே என்று கிளம்பினார்கள். ரத்தம் எடுக்க நாயைப் பிடித்தால் அதுவே அழுத்தம். அதனால் எது எந்த நாயின் மலம் என்று கண்ணால் பார்த்து, அது நகர்ந்த பிறகு இறங்கி அள்ளிக்கொண்டு வந்து, அதிலிருந்த ஹார்மோனை ஆய்வகத்தில் அளந்தார்கள். வெளிநாட்டில் ஆராய்ச்சி என்றால் நம் ஊர் மாமிகளுக்கு என்னவோ ஒரு பிம்பம் இருக்கும், இதைச் சொல்லிப் பாருங்கள் :-)

1997-ல் முடிவு வந்தது. பட்டை கட்டியதற்கும் கட்டாததற்கும் அழுத்த ஹார்மோனில் நீடித்த வித்தியாசம் இல்லை. கூடவே எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. அழுத்தம் அதிகம் இருந்தது அடிவாங்கும் கடைசி நாய்க்கு இல்லை, கூட்டத்தின் தலைமை நாய்களுக்கு! (எங்கள் மேனேஜரிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

அப்படியானால் செரெங்கெட்டியில் என்ன ஆச்சு? பின்னால் வந்த ஆய்வுகள் கைகாட்டுவது சிங்கத்தை. 1960களிலிருந்து 1990கள் வரை அங்கே சிங்கங்கள் பல மடங்கு பெருகின. சிங்கம் காட்டுநாயைத் தின்பதற்காகக் கொல்வதில்லை, கண்டால் கொல்லும், அவ்வளவுதான். கழுதைப்புலியோ நாய் பிடித்த இரையைப் பிடுங்கும். ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்ட நாலைந்து கூட்டம். மேலே நோய் விழுந்தது. என் சின்ன அறிவுக்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது. 2019-லும் செரெங்கெட்டி நாய்களையே வைத்து ஓர் ஆய்வு வந்தது. கைவைத்ததால் சாவு கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது.

ஆனால் பர்ரோஸைக் கிறுக்கன் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசில்லை. அவர் கேட்டிராவிட்டால் இத்தனை பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்பார்களா? எங்கள் துறையில் ஒரு டவர் வைக்கும் முன் 'இதனால் என்ன கெடும்' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். காட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மொத்தக் கூட்டம் காணாமல் போகவேண்டியிருந்தது.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2000களின் தொடக்கத்தில், பூங்காவுக்குக் கிழக்கே மாசாய்கள் ஆடுமாடு மேய்க்கும் லோலியோண்டோ பக்கம் காட்டுநாய்கள் மறுபடி தென்பட்டன. 2012-ல் வந்த மரபணு ஆய்வு, பழைய வம்சம் அடியோடு அறுந்துபோகவில்லை என்று கருத இடம் தந்தது. அதாவது பட்டை கட்டாத, எந்த நோட்டிலும் பேர் ஏறாத நாய்கள் எங்கோ இருந்திருக்கின்றன. பட்டை கட்டாததால் பிழைத்தன என்று உடனே குதித்துவிடக் கூடாது. அங்கே சிங்கம் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே 2012-லிருந்து அங்கிருந்து சில கூட்டங்களைப் பிடித்து, பட்டையும் கட்டி, பூங்காவின் மேற்கில் விட ஆரம்பித்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. அங்கே க்ரூகரை விட்டால் பெரிய இடமில்லை. வேலி போட்ட சின்னச் சின்னச் சரணாலயங்கள்தான். 1980-81-ல் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியில் முதலில் கொண்டுவந்து விட்டார்கள். 1995-ல் மாடிக்வேயில் விட்டார்கள்; இரண்டே வருடத்தில் ரேபிஸ் வந்து, ஒரு சில குட்டிகள் போக மற்றதை வாரிக்கொண்டு போனது. விடவில்லை, மறுபடி கொண்டுவந்தார்கள். 1990களின் கடைசியிலிருந்து இந்தச் சின்னச் சரணாலயங்களை ஒரே குடும்பமாகக் கணக்கில் வைத்து, நாய்களை லாரியில் ஏற்றி மாற்றி மாற்றிக் குடியமர்த்துகிறார்கள்.

இயற்கையில் அண்ணன் தம்பிகள் ஒரு கூட்டமாகவும் அக்கா தங்கைகள் ஒரு கூட்டமாகவும் வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் சந்தித்துப் புதுக் குடும்பம் ஆகும். வேலிக்குள் யார் யாரைச் சந்திப்பது? ஆகவே மனிதர்களே தரகர் வேலை பார்க்கிறார்கள். இரண்டு தரப்பையும் மயக்கத்தில் வைத்து, உடம்போடு உடம்பு தேய்த்து வாசனையைக் கலந்துவிடுகிறார்கள். எழுந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பது அந்நியன் மாதிரி மணக்காது! பிறகு பட்டியில் சில காலம் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடுவது.

இங்கே பட்டை இல்லாமல் முடியவே முடியாது. வேலிக்கு அடியில் எங்காவது மண் அரித்திருந்தால் நாய் அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் ஒருவரின் ஆட்டுப்பட்டி. காலையில் சிக்னல் எங்கே என்று தெரிந்தால் துப்பாக்கி வருவதற்குள் போய்ச் சேரலாம். நாய்களும் லேசுப்பட்டவை அல்ல, மானை வேலியை நோக்கித் துரத்தி முட்டவைத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே பக்கம் பட்டையையே வேறு காரியத்துக்கு மாற்றினார்கள். அங்கே காட்டுநாயைக் கொல்வது பெரும்பாலும் இம்பாலா மானுக்கு வைக்கிற சுருக்குக் கம்பி. கழுத்தில் விழுந்தால் இழுக்க இழுக்க இறுகும். அதனால் பட்டையில் உலோகத் துண்டுகள் பதித்தார்கள்; கம்பி சதையை அறுக்காமல் அதில் மாட்டி நிற்கும். தப்பி வந்த நாயைச் சிக்னல் வைத்துத் தேடிப் பிடித்துக் கம்பியை வெட்டிவிடவும் முடிகிறது.

ஆனால் பட்டையால் தடுக்க முடியாதவையும் உண்டு. கென்யாவின் லைகிப்பியாவில் 2001-லிருந்து ஒரு ஆய்வுக் குழு கூட்டங்களைப் பின்தொடர்ந்து வந்தது. 2017-ல் டிஸ்டெம்பர் நோய் வந்து, அவர்கள் கண்காணித்த கூட்டங்களில் ஏறக்குறைய எல்லாம் போயின. ஒரு வித்தியாசம்: இந்த முறை உடல்கள் கிடைத்தன, என்ன நோய் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. அடுத்த சில வருடங்களில் அங்கே காட்டுநாய்கள் மறுபடி வர ஆரம்பித்தன. அவற்றுக்கும் பட்டை கட்டினார்கள்.