எல்லைச் சாவடியில் கேட்ட விவரம்

1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்துக்குள் இருந்தது. கேரளம் உருவானதும் வாளையார் மாநில எல்லையானது. தெற்கே குமுளியும் போடிமெட்டும் அதற்கு முன்பே திருவிதாங்கூரின் வாசல்கள். இந்தச் சாவடிகள் சோதித்தது பெரும்பாலும் சரக்கைத்தான். வாளையாரில் வரிச் சீட்டோடு லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சோதனை போயிற்று. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிப் போனவர்களிடம் பேர், ஊர் எழுதி வாங்கும் வழக்கம் இல்லை.

2020 மே மாதம் அது மாறியது. கேரளத்துக்குள் நுழைய ‘கோவிட்-19 ஜாக்ரதா’ தளத்தில் பேர், முகவரி, செல்பேசி எண் பதிந்து பாஸ் வாங்க வேண்டியிருந்தது. பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாரில் தவித்து நின்றார்கள். விவரம் தர மாட்டேன் என்றவருக்கு வழியே இருக்கவில்லை. அதைச் சம்மதம் என்று சொல்வது கடினம்.

வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் உடல்நல விவரங்கள் வேறு வழியில் திரட்டப்பட்டன. களப்பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதியவை, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்க்ளர் நிறுவனத்தின் மென்பொருளில் ஏறின. சேவை இலவசம், தரவு பத்திரம், உரிமை அரசுக்கே என்றது மாநில அரசு. ஆனால் ஒப்பந்தத்தின்படி தகராறு வந்தால் போக வேண்டியது நியூயார்க் நீதிமன்றத்துக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா பிரச்சினையைக் கிளப்பிய பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது.

ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின்னால் தரவுத்தொற்றும் வந்துவிடக் கூடாது என்பது நீதிபதிகளின் கவலை. ஒப்பந்தத்தை அவர்கள் ரத்து செய்யவில்லை. ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கிய பிறகே தரவை நிறுவனத்துக்குத் தர வேண்டும். வெளியார் கைக்குத் தரவு போகலாம் என்று மக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நிறுவனம் அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வெறும் வாக்குறுதியாக இருந்தது, மீறினால் பதில் சொல்ல வேண்டிய நிபந்தனையாயிற்று. மே மாதத்தில், தரவு இனி அரசின் சி-டிட் நிறுவனப் பொறுப்பில் இருக்கும், ஸ்பிரிங்க்ளர் அதைத் தொட முடியாது என்று அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்திருந்தும், தரவுக்கென்று தனிச் சட்டம் அப்போது கிடையாது. அது 2023இல்தான் வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவிக்காக ஒருவருடைய விவரங்களை அவர் ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்கிறது அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு.