மிலானுக்கு எழுதின கடிதமும் எங்கட சீவியும்

போன மாதம் சித்தியின்ர மகள் தன்ர லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து ஃபோனை என்னட்டத் தந்தாள். "அக்கா, இதில என்ன பிழை? ஒரு வருசமாக் கிடக்குது. ஒரு ரிக்ரூட்டரும் எட்டிப் பார்க்கேல்ல."

பார்த்தேன். பெயர், படித்த பள்ளிக்கூடம், சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, கணக்கியல் டிப்ளோமா, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருச வேலை. பெயருக்குக் கீழே "வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி. எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் முழுக்க ஒரு அரசாங்க விண்ணப்பப் படிவத்தை நிரப்பின மாதிரி இருந்தது. இதை வாசிக்கப்போகிறவர் ஆர், அவருக்கு என்ன தேவை எண்ட கேள்வியே அதில் இல்லை. இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கயிருந்து வந்தது எண்டு யோசிக்கத் தொடங்கினேன். அதுக்கு முதல், அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஒரு ஆளைப் பார்க்கவேணும். அவர் இருந்தது இத்தாலியில், ஐந்நூறு வருசத்துக்கு முதல்.

1482ஆம் ஆண்டளவில் லியனார்டோ டா வின்சிக்கு முப்பது வயது. புளோரன்ஸ் நகரத்தில் ஓவியர். மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு அவர் எழுதின கடிதத்தின் வரைவு ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. உலகத்தின் முதல் சீவி எண்டு இணையத்தில் அடிக்கடி பகிர்கிற கடிதம் அதுதான். 'முதல்' எண்டு சொல்லுறது மிகை. ஆனால் அந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசித்தால் ஒரு விசயம் பிடிபடும்.

அதில் இலக்கமிட்டுப் பத்து விடயங்கள். முதல் ஒன்பதும் போர். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழித் தண்ணியை வெளியேற்றும் முறை, கோட்டைகளைத் தகர்க்கும் வழி, சத்தமில்லாமல் சுரங்கம் தோண்டுவது, மூடிய போர் வண்டிகள், கடற்சண்டைக்கான கருவிகள். பத்தாவதில்தான் சமாதான காலம் வருகிறது: கட்டடம் கட்டலாம், தண்ணியை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகலாம். சிற்பமும் ஓவியமும் அதுக்கும் பிறகுதான். ஓவியராக அறியப்பட்ட மனிசன் தன்ர சொந்தத் தொழிலைக் கடைசிப் பக்கமாக ஒதுக்கிவிட்டார்.

ஏனெண்டால் அந்தக் காலத்தில் மிலான் வெனிஸோடு போருக்கு நிற்கிறது. லுடோவிகோவுக்கு ஓவியரைவிடப் பொறியியலாளர்தான் அவசரம். அதோடு, இறந்துபோன தகப்பன் பிரான்செஸ்கோவுக்கு ஒரு வெண்கலக் குதிரைச் சிலை வைக்கவேணும் எண்ட ஆசை அந்தக் குடும்பத்தில் இருந்தது. கடிதம் முடிகிற இடத்தில் லியனார்டோ அந்தக் குதிரையைத் தான் செய்யலாம் எண்டு சொல்கிறார். சொன்னதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் செய்துகாட்டத் தயார் எண்டும் சேர்க்கிறார். இன்றைக்கு ரிக்ரூட்டர்கள் கேட்கிற எல்லாம் அதில் இருக்கு: எதிராளியின்ர தேவை, அவர் பாவிக்கிற சொற்கள், ஆதாரம் தரத் தயாராக இருப்பது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. அந்தப் பட்டியலில் இருந்த பெரும்பாலானதை அவர் அதுவரை செய்ததே இல்லை. மிலானில் பிறகு குதிரைக்குக் களிமண் மாதிரியுரு செய்தார். வெண்கலமோ 1494இல் பீரங்கிக்குப் போனது. 1499இல் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் வில்லாளிகள் களிமண் குதிரையை இலக்காக வைத்து அம்பெய்து பழகிச்சினம். மிகைப்படுத்தி எழுதினவர் லியனார்டோ எண்டபடியால் நாங்கள் சிரித்துவிட்டுப் போகிறோம். தெரியாத மென்பொருளைத் தெரியும் எண்டு நீங்கள் போட்டால், முதல் நேர்முகத்திலேயே மாட்டுப்படுவீர்கள்.

சரி, எங்கட பக்கம். காலனிய ஆட்சியில் வேலைக்காரர்கள் பழைய துரைமாரின் கடிதங்களைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போன காலம் ஒன்று இருந்தது. 'சிட்' எண்டு அதைச் சொல்லுவினம். இன்ன ஆள் நேர்மையானவர், இத்தனை வருசம் என்னிடம் வேலை செய்தார் எண்டு துரை எழுதித் தருவார். வேலை கேட்கிறவரின்ர சொல்லுக்கு அங்கே பெறுமதி இல்லை. துரையின்ர கையெழுத்துக்குத்தான் பெறுமதி.

யாழ்ப்பாணத்தில் இது படிப்போடு கலந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதிலிருந்து ஆங்கிலக் கல்வி இங்கே வேரூன்றியது. அதன் பலன் அரசாங்க உத்தியோகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எங்கட ஆக்கள் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் நிலஅளவையிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். 'மலாயன் பென்சனியர்' எண்டால் ஊரில் தனி மரியாதை. அங்கே போனவர் தம்பியை எடுப்பார், தம்பி மச்சானை எடுப்பார், மச்சான் ஊர்ப் பெடியன் ஒருவனை எடுப்பார். ஆனால் கந்தோரில் கொடுக்கிற காகிதத்தில் இந்தச் சங்கிலி தெரியக்கூடாது. அங்கே சான்றிதழும் தலைமை ஆசிரியரின் நற்சான்றும்தான்.

இன்றைக்கு நாங்கள் எழுதுகிற சீவியைப் பாருங்கள். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சிவில் நிலை, சுட்டெண்ணோடு பரீட்சைப் பெறுபேறு. கடைசியில் 'உறவினரல்லாத இருவர்' பெயரும் முகவரியும். மேலே சொன்ன விபரங்கள் யாவும் உண்மை எண்டு ஒரு உறுதிமொழி, கையொப்பம். தேவைப்பட்டால் கிராம சேவகரின் நற்சான்றிதழ், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். என்னைப் பொறுத்தவரை இது ஒரு சந்தேகக்கார அதிகாரிக்காக எழுதின காகிதம். நீ ஆர், நீ சொல்லுறது உண்மையா எண்டு அவர் கேட்பார். உன்னால் என்ன செய்ய ஏலும் எண்டு கேட்கமாட்டார்.

உறவினரல்லாத ஆள் எண்ட நிபந்தனையில் மட்டும் ஒரு புத்தி இருக்கு. 1973இல் மார்க் கிரனோவெட்டர் எண்ட அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் எண்ட ஊரில் புது வேலைக்கு மாறினவர்களிடம், எப்பிடிக் கிடைத்தது எண்டு கேட்டிருந்தார். தெரிந்த ஆள் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 வீதம்தான். இடைக்கிடை சந்தித்தவர்கள் 55.6 வீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 வீதம். சிநேகிதரா சொன்னது எண்டு கேட்டால், இல்லை, தெரிஞ்ச ஆள் எண்டு திருத்தினார்களாம். காரணம் லேசானது. வீட்டாருக்கும் நெருங்கின சிநேகிதருக்கும் தெரிஞ்சது உங்களுக்கும் ஏற்கனவே தெரியும். புதுச் செய்தி வெளியில இருந்துதான் வரும்.

2003 மே மாதம் தொடங்கின லிங்க்ட்இன் இந்தத் தெரிஞ்ச ஆக்களின்ர சங்கிலியைக் கண்ணுக்குத் தெரிய வைத்தது. எங்கட பெரியாக்கள் மலாயாவில் ஒளிச்சு வைச்சிருந்ததை அது விளம்பரப்படுத்தியது எண்டும் சொல்லலாம். 2005இல் வேலை விளம்பரங்கள் வந்தன. 2016இல் மைக்ரோசொஃப்ட் 26.2 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அவ்வளவு காசு எங்கட படத்துக்கும் வாழ்த்துச் செய்திக்கும் இல்லை. நிறுவனங்கள் காசு கட்டி எங்களைத் தேடுகிறதும் அந்த வியாபாரத்தின் பெரிய பங்கு. ரிக்ரூட்டர் ஒரு பெட்டிக்குள் பதவி, ஊர், திறன் எண்டு சொற்களை அடிக்கிறார். அந்தச் சொல் உங்கட பக்கத்தில் இல்லாட்டி, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் வருவது கஷ்டம்.

'வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்' எண்டு ஒருத்தரும் தேடுறதில்லை. பெயருக்குக் கீழே இருக்கிற 220 எழுத்து இடத்தை அதுக்குக் கொடுத்தது வீண். வேலைக்குத் தயார் எண்டதை ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கத் தனி அமைப்பே இருக்கு.

இரண்டு பேரும் இருந்து திருத்தினோம். "இரண்டு வருசம் என்னடி செய்தனி?" எண்டு கேட்டேன். "சும்மா, கணக்குத்தான்" எண்டாள். தோண்டத் தோண்ட வந்தது: மாதாமாதம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, எட்டுக் கடைகளுக்குச் சம்பளப் பட்டியல், வற் விபரத்திரட்டு, எல்லாம் குவிக்புக்ஸில். இது ஒண்டும் பக்கத்தில் இல்லை. சாதாரண தரப் பெறுபேறு மட்டும் முழுசாக இருந்தது. அதை எடுத்துவிட்டு இதைப் போட்டோம். தலைப்பு வரியில் 'கணக்கு உதவியாளர்' எண்ட பதவியும் குவிக்புக்ஸும் சம்பளப் பட்டியலும் வந்தன. பழைய மேலதிகாரியிடம் நாலு வரிப் பரிந்துரை கேட்கச் சொன்னேன். வெட்கப்பட்டாள். உறவினரல்லாத ஆள்தானே எண்டேன். டிப்ளோமா வகுப்பில் படித்து, இப்ப கொழும்பில் வேலை செய்கிற ஆக்களையும் தேடிச் சேர்த்தாள். 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கு மேற்பட்ட ஆக்களை வைத்துப் பார்த்து, ஓரளவு தூரமான தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவுது எண்டு கண்டது. அந்த ஆக்களிடம் ஒருத்தரும் அனுமதி கேட்கேல்ல எண்டு சர்ச்சையும் வந்தது.

எல்லாத்தையும் திருத்தினாலும் திருத்த ஏலாதது ஒண்டு இருக்கு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பொஸ்டன், சிக்காகோ நிறுவனங்களுக்கு ஒரே தரமான சீவிகளைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையருக்குரிய பெயர் எண்டால் பத்து சீவிக்கு ஒரு அழைப்பு. கறுப்பினத்தவருக்குரிய பெயர் எண்டால் பதினைந்துக்கு ஒண்டு. அந்த மற்ற ஐந்தும் எழுதினவரின்ர பிழை இல்லை. எங்கட பெயரோடும் ஊரோடும் கொழும்புக்கு விண்ணப்பிக்கிற ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு, முந்தநாள் அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம், சம்பளப் பட்டியல் வேலை. சம்பளம் எவ்வளவு எண்டு அவையள் எழுதேல்ல. அதைக் கேட்டு எப்பிடி மரியாதையா எழுதிறது எண்டு இப்ப பக்கத்தில் இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறாள்.