கங்காணியின் தலைக்காசும் 17ஏ பிரிவும்



கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் 'கங்காணி' புதிய சொல் இல்லை. "தாத்தா எந்தக் கங்காணியோட வந்தாரு?" என்று வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். ஆனால், அந்தக் கங்காணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா?

தோட்ட நிர்வாகம் கங்காணியை உரிமத்தோடு அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பும். அழைத்து வரும் ஆளுக்கு இவ்வளவு என்று தரகு உண்டு. அந்த ஆள்கள் வேலைக்கு இறங்கும் நாள்களுக்குத் தலைக்காசும் உண்டு. இது கணக்கில் இருந்த பணம், லஞ்சம் அல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆள் பஞ்சம் வந்தால், இன்னொரு தோட்டம் கங்காணிக்கு இரகசியமாகப் பணம் கொடுத்து ஆள்களைக் கும்பலாக இழுத்துக்கொள்ளும். சம்பளம் ஒரு துரையிடம், விசுவாசம் இன்னொரு துரைக்கு. வணிக லஞ்சம் என்பது இதுதான். இடம் மாறிய தொழிலாளி வெறும் சரக்கானார்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. ஆள் அழைத்து வந்தாலும் வராவிட்டாலும், தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். பயணச் செலவை நிதி ஏற்றது. அடுத்தவன் செலவில் ஆள் பிடிக்கும் லாபம் குறைந்தது. கவனியுங்கள்: இங்கே புத்திமதி சொல்லவில்லை, ஏற்பாட்டையே மாற்றினார்கள்.

இன்றைய சட்டமும் அதே வழியில்தான் போகிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977இல் தடை செய்தது. 1எம்டிபி விவகாரத்தில் கோல்ட்மன் சாக்ஸின் மலேசியக் கிளை நிறுவனம் 2020இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான். நம் நாட்டில் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 1.6.2020 முதல் நடப்பில் உள்ளது. கம்பெனியின் லாபத்துக்காக ஊழியரோ முகவரோ லஞ்சம் கொடுத்தால், கம்பெனியும் குற்றவாளி. அபராதம் குறைந்தது லஞ்சத் தொகையைப் போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது; 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. போதிய தடுப்பு ஏற்பாடுகள் இருந்ததை நிரூபித்தால்தான் கம்பெனி தப்பலாம்.

கொள்முதல் பிரிவில் வேலை செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டார்: "கோப்பிக்காசு எல்லாரும் கொடுக்கறதுதானே, சார்?" பழைய தோட்டத்தில் பணம் கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், தம்பி.

சிந்திக்க: தரகுக்கும் லஞ்சத்துக்கும் என்ன வேறுபாடு? கங்காணி முறையிலிருந்து இரண்டு சான்றுகள் தருக.